மருத்துவம் படிக்க பிலிப்பைன்ஸின் டாவோ போகிறவர்களுக்கு: தகலாக் வகுப்புக்குப் பணம் கட்டுமுன் இதைப் படியுங்கள்

பிலிப்பைன்ஸுக்கு ஆள் சேர்க்கும் எந்த ஏஜென்டிடம் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். "அங்கே மொழிப் பிரச்சினையே இல்லைங்க, ரஷ்யா, சீனா மாதிரி கிடையாது, எல்லாம் இங்கிலீஷ்." எங்கள் வீட்டில் அப்பா இதைக் கேட்டுத்தான் சம்மதித்தார். அதில் பொய் இல்லை. வகுப்பு, புத்தகம், தேர்வு, பேராசிரியர் திட்டுவது உட்பட எல்லாம் ஆங்கிலத்தில்தான். வெளிநாட்டில் படித்துவிட்டு வருகிறவர்களுக்காக 2021 நவம்பரில் இந்தியாவில் வந்த விதிகளும் ஆங்கில வழிப் படிப்பைத்தான் கேட்கின்றன. ஆனால் நோயாளிக்கு அந்த விதி தெரியாது. கடைசி ஆண்டு முழுக்க ஆஸ்பத்திரி வார்டில் நோயாளிகளைப் பார்த்துப் பழகும் கிளார்க்‌ஷிப் செய்யும்போது, கட்டிலில் படுத்திருக்கும் பாட்டி தன் வயிற்று வலியைத் தன் மொழியில்தான் சொல்வார். அந்த மொழி என்ன என்பதைச் சொல்லத்தான் எனக்கு யாரும் கிடைக்கவில்லை.

கொரோனாவில் ஊருக்கு வந்து மாட்டிக்கொண்ட கூட்டத்தில் நானும் ஒருத்தி. திண்டுக்கல்லில் மொட்டை மாடி அறையில் உட்கார்ந்து ஆன்லைனில் பாடம் கேட்டேன். இனி திரும்பிப் போனதும் நேராக வார்டுதான் என்பதால், அதற்குள் மொழியையாவது கற்றுக்கொள்ளலாம் என்று தேடினேன். பிலிப்பைன்ஸ் மொழி என்று தேடினால் தகலாக்தான் வந்து விழும். 1937 டிசம்பரில் அதிபர் கேசோன் தேசிய மொழிக்குத் தகலாக்கை அடிப்படையாக அறிவித்தார். இன்றைய தேசிய மொழியான ஃபிலிப்பினோ அதன்மேல் கட்டப்பட்டதுதான். பள்ளிப் பாடம், சினிமா, டிவி எல்லாவற்றிலும் அதுதான். ஆகவே 22,000 ரூபாய் கட்டி ஓர் ஆன்லைன் தகலாக் வகுப்பில் சேர்ந்தேன். நன்றாகவே சொல்லிக்கொடுத்தார்கள். ஒழுங்காகப் படித்தேன். மரியாதைக்கு ஒவ்வொரு வாக்கியத்திலும் "போ" சேர்ப்பது வரை பழகிக்கொண்டு விமானம் ஏறினேன்.

டாவோ இருப்பது தெற்கே, மிண்டனாவோ தீவில். அங்கே வீதியில், சந்தையில், ஜீப்னி என்கிற ஷேர் வண்டியில், வார்டில் பேசப்படுவது பிசாயா. புத்தகங்களில் அதன் பெயர் செபுவானோ. செபு, போஹோல் தீவுகள், நீக்ரோஸின் கிழக்குப் பக்கம், லேய்த்தேயின் ஒரு பகுதி, மிண்டனாவோவின் பெரும்பகுதி என்று கோடிக்கும் மேற்பட்டவர்கள் பேசுகிற மொழி. பேசுகிறவர்களே அதை இரண்டு பெயரில் சொல்வதால் 2020 மக்கள்தொகைக் கணக்கில்கூடப் பிசாயா ஒரு வரியிலும் செபுவானோ வேறொரு வரியிலும் இருக்கின்றன. இந்தப் பெயர்க் குழப்பம் உங்களுக்கும் வரும். கூகுள் மொழிபெயர்ப்பில் "பிசாயா" என்று தேடி, இல்லை போலிருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். செபுவானோ என்று தேடுங்கள், இருக்கிறது.

தகலாக்கும் பிசாயாவும் உறவு மொழிகள்தான், ஆனால் ஒன்று தெரிந்தால் மற்றது புரிந்துவிடாது. மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு வந்த உசிலம்பட்டிக் கிழவியிடம் இந்தியில் விசாரித்தால் எப்படி இருக்கும்? ஒரு வித்தியாசம், டாவோ பாட்டிக்கு டிவி புண்ணியத்தில் தகலாக் புரியும். சிக்கலே அங்கேதான். நான் தகலாக்கில் கேட்டால் அவரும் சிரமப்பட்டுத் தகலாக்கில் பதில் சொல்வார், சுருக்கமாக. ஆமாம், இல்லை, வலிக்கிறது, மூன்று நாள். எனக்கு எல்லாம் புரிந்துவிட்ட மாதிரி இருக்கும். அதே பாட்டியிடம் உள்ளூர் மாணவி பிசாயாவில் கேட்டால், வலி எங்கே தொடங்கி எங்கே போகிறது, அதற்கு முன்னால் என்ன சாப்பிட்டார், மருமகள் என்ன கஷாயம் கொடுத்தாள் என்று பத்து நிமிடம் கொட்டுவார். காலையில் எண்டார்ஸ்மென்ட் (டியூட்டி முடிந்தவர் நோயாளிகளின் விவரத்தை அடுத்தவரிடம் ஒப்படைப்பது) நடக்கும்போது என் கேஸ் ஷீட்டில் நாலு வரி, அவளுடையதில் ஒரு பக்கம். எங்களை மேற்பார்க்கும் டாக்டரான ரெசிடென்ட் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்ல மாட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

எல்லாச் சொல்லும் வேறு வேறாக இருந்தால்கூடச் சமாளிக்கலாம். ஒரே சொல் இரண்டு மொழியிலும் இருந்து, பொருள் மட்டும் மாறியிருப்பதுதான் ஆளைக் கொல்லும். சர்க்கரை நோயாளி ஒருவர் வந்தார், தோட்ட வேலை செய்கிறவர். "சகித் அகொங் பா-ஆ" என்றார். எனக்குத் தெரிந்த தகலாக்கில் பா-ஆ என்றால் பாதம். சர்க்கரை நோய், பாதத்தில் வலி என்றதும் எனக்கு ஒரே பரபரப்பு. போர்வையை விலக்கிப் பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், விரலிடுக்கில் பார்த்தேன், குதிகாலை அழுத்தினேன். "டிலி, பா-ஆ" (அது இல்லை, பா-ஆ) என்கிறார். சரி, அடுத்த பாதமாக இருக்கும் என்று அதை அழுத்தினேன். மனிதர் பொறுமையாக எழுந்து உட்கார்ந்து, "தி-இல் மான் ந, டாக்" (அது தி-இல், டாக்டர்) என்று சொல்லி, என் கையைப் பிடித்துத் தன் தொடைமேல் வைத்தார். கையுறை வழியாகவே சூடு தெரிந்தது. உள்ளங்கை அகலத்துக்குக் கல் மாதிரி ஒரு வீக்கம், சீழ் கட்டியிருந்தது. பிசாயாவில் பா-ஆ என்றால் தொடை. பாதத்துக்கு தி-இல். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதே ஆள் பேச முடியாத நிலையில் வந்து, கூட வந்தவர் சொல்வதை மட்டும் கேட்டு நான் எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பிலேயே அன்றைய டியூட்டி போனது.

இந்த மாதிரிச் சொற்களை நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பாபா என்றால் தகலாக்கில் முகவாய், பிசாயாவில் வாய். கமோத் என்றால் அங்கே சொறிதல், இங்கே கை. காமோத் என்றால் அங்கே மருந்து, இங்கே செடியின் வேர். மருந்துக்கு இங்கே தம்பால். கின்ஹாவா என்றால் எனக்குச் சொல்லிக்கொடுத்த பொருள் நிம்மதி, ஆறுதல். பிசாயாவில் அது மூச்சு. கின்ஹாவா கஷ்டமாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் மனக்கவலை என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடக் கூடாது, ஆக்சிஜன் அளவைப் பார்க்க வேண்டும்.

இன்டர்னல் மெடிசின் (பொது மருத்துவம்) பிரிவில் என் முறை, அதாவது ரொட்டேஷன், முடிந்தபோது நோயாளியிடம் விவரம் கேட்டு எழுதும் பகுதியில் மதிப்பெண் போதவில்லை என்று அந்த ரொட்டேஷனைத் திரும்பச் செய்யச் சொல்லிவிட்டார்கள். கிளார்க்‌ஷிப் நீண்டது. வாடகை, விசா நீட்டிப்பு, சாப்பாடு, விமான டிக்கெட்டில் தேதி மாற்றியதற்கான அபராதம் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய ஒரு லட்சம் ரூபாய் கூடுதலாகப் போனது. அதைவிடப் பெரிய அடி, வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்கள் இந்தியாவில் டாக்டராக வேலை பார்க்க ஊர் திரும்பி எழுத வேண்டிய எஃப்எம்ஜிஇ தேர்வுக்கு அந்தத் தவணையில் விண்ணப்பிக்க முடியாமல் போனது. ஆண்டுக்கு இரண்டு முறைதான் அந்தத் தேர்வு. ஒன்று தவறினால் ஆறு மாதம் காலி. அம்மாவிடம் போனில் தேர்வு தள்ளிப்போயிருக்கிறது என்று மட்டும் சொன்னேன். ஏஜென்டுக்கும் எழுதினேன், புதிதாக வருகிறவர்களிடமாவது பிசாயா என்று சொல்லுங்கள் என்று. கட்டை விரல் ஒன்றைப் பதிலாக அனுப்பினார்.

அப்புறம்தான் முறையாகக் கற்க ஆரம்பித்தேன். பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற ஓர் அம்மா கிடைத்தார், மணிக்கு 250 பெசோ. அருமையான ஆசிரியை. ஆனால் அவருக்குச் சொந்த ஊர் போஹோல். போஹோல்காரர்கள் யகரம் வருமிடத்தில் ஜகரம் போட்டுப் பேசுவார்கள். காலை வணக்கத்துக்கு மற்றவர்கள் "மாஆயோங் புந்தாக்" என்றால் அவர்கள் "மாஆஜோங் புந்தாக்". எனக்கு அது தெரியாது. வார்டுக்குள் போய்க் கம்பீரமாக "மாஆஜோங் புந்தாக்" என்றதும் நர்ஸ்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கேலி இல்லை, ஓர் இந்தியப் பெண்ணின் வாயில் போஹோல் வாடை வந்ததில் அவர்களுக்கு அவ்வளவு சந்தோஷம். கோடிக் கட்டிலில் இருந்த தாத்தா ஒருவர் மட்டும் எழுந்து உட்கார்ந்து, நீ போஹோலில் எந்த ஊரில் இருந்தாய் என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். அதுவரை யாரிடமும் சரியாகப் பேசாத மனிதர்.

டாவோவில் எத்தனை வகைப் பிசாயா கேட்கிறது என்று அன்றுதான் கவனித்தேன். இருபதாம் நூற்றாண்டில் செபுவிலிருந்தும் போஹோலிலிருந்தும் லேய்த்தேயிலிருந்தும் நிலம் தேடி மிண்டனாவோவுக்குக் குடிபெயர்ந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் டாவோவில் பெரும்பாலோர். வீட்டுக்கு வீடு பேச்சு மாறும். செபு நகரத்துப் பேச்சில் நடுவில் வரும் லகரம் காணாமல் போய்விடும். வீட்டுக்கு பலாய் என்று படித்திருப்பீர்கள், அவர்கள் பாய் என்பார்கள். தூங்கினேன் என்பதில் வரும் கதூலோக் சுருங்கி கதூக் ஆகும். இல்லை என்பதற்கான வலா வெறும் வா ஆகிவிடும். நாம் கேட்ட கேள்விக்கு நோயாளி "வா" என்று சொன்னால், யாரையோ கூப்பிடுகிறார் என்று திரும்பிப் பார்க்காதீர்கள், இல்லை என்கிறார். டாவோ இளைஞர்களோ பிசாயாவில் பாதித் தகலாக்கைக் கலந்து பேசுவார்கள், செபுக்காரர்கள் அதைக் கேட்டு முகம் சுளிப்பார்கள். புத்தகத்துப் பிசாயாவை அப்படியே பேசினால் டாவோவில் பைபிள் வாசிக்கிற மாதிரி இருக்கும் என்று என் வீட்டுக்கார அம்மா சொல்வார். ஆகவே ஆசிரியர் தேடும்போது டாவோவிலேயே பிறந்து வளர்ந்தவராகப் பாருங்கள். ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் நர்ஸ் கிடைத்தால் இன்னும் நல்லது. என் டீச்சருக்கு இலக்கணம் எல்லாம் அத்துப்படி, ஆனால் சிறுநீர் பற்றிய கேள்வி எதையும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார், வெட்கம்.

அதோடு போகவில்லை. மேற்கே கொட்டபாட்டோ பக்கமிருந்து வருகிறவர்களில் இலோங்கோ பேசுகிறவர்கள் அதிகம். அது பிசாயாவின் வட்டார வழக்கு இல்லை, தனி மொழி, ஆனால் காதுக்குக் கிட்டத்தட்ட ஒன்று போலவே இருக்கும், இன்னும் கொஞ்சம் இழுத்துக் கொஞ்சலாக. அதில் ஒரு சொல்லை மட்டுமாவது நினைவில் வையுங்கள். காரோன் என்றால் பிசாயாவில் இப்போது. இலோங்கோவில் அப்புறம், சற்று நேரம் கழித்து. மாத்திரை சாப்பிட்டாச்சா என்று கேட்டு "காரோன்" என்று பதில் வந்தால், எந்த ஊர்க்காரர் என்று கேட்காமல் சார்ட்டில் டிக் அடிக்காதீர்கள்.

நமக்குச் சாதகமான விஷயங்களும் உண்டு, தமிழ் தெரிந்தவர்களுக்குப் பிசாயா ஆங்கிலம் வழியாகக் கற்பதைவிடத் தமிழ் வழியாக எளிது. நாம், நாங்கள் என்று நம்மிடம் இருக்கும் வேறுபாடு அங்கேயும் அப்படியே உண்டு: கீத்தா என்றால் நாம், காமி என்றால் நாங்கள். வட இந்தியத் தோழி இதில் திண்டாடினாள், எனக்கு ஒரு நொடியில் புரிந்தது. மறுப்பதற்கு வலா, டிலி என்று இரண்டு. ஏறக்குறைய நம் இல்லை, மாட்டேன், அல்ல மாதிரிதான். நடக்காததற்கும் இல்லாததற்கும் வலா, இனி செய்யப்போவதில்லை என்பதற்கும் அது அல்ல என்பதற்கும் டிலி. மருந்து குடிக்கவில்லை என்பதும் குடிக்க மாட்டேன் என்பதும் வேறு வேறு இல்லையா, அங்கேதான் இது தேவைப்படும். நமக்குக் காய்ச்சல் அடிக்கிறது, சளி பிடிக்கிறது. நாமாக எதுவும் செய்வதில்லை. பிசாயாவிலும் நோய்தான் ஆளைப் பிடிக்கும். அதற்குச் சொல்லின் முன்னால் "கி" ஒட்டினால் போதும். காய்ச்சலுக்கு ஹிலனாத், காய்ச்சல் கண்டிருக்கிறது என்றால் கிஹிலன்தான் (இதில் மட்டும் பின்னாலும் ஓர் ஒட்டு சேர்ந்து சொல் கொஞ்சம் சுருங்கும்). சளிக்கு கிசிப்-ஓன், இருமலுக்கு கிஉபோ. இந்தக் ககரத்தை கங்கையின் இரண்டாவது ககரம் மாதிரி சொல்ல வேண்டும்.

மரியாதைச் சொல்லில்தான் தமிழர்களுக்கு ஒரு சங்கடம் காத்திருக்கிறது. தகலாக்கின் "போ" பிசாயாவில் கிடையாது. வயதானவர்களை உறவுமுறை சொல்லிக் கூப்பிடுவதுதான் மரியாதை. அம்மா வயதுக்காரரை நானாய், சுருக்கமாக நாய். அப்பா வயதுக்காரரை தாதாய், சுருக்கமாக தாய். ஆமாம், அப்படியேதான். ஒரு பெரிய மனுஷியின் முகத்தைப் பார்த்து "நாய்" என்று பாசமாகக் கூப்பிட எனக்கு ரொம்ப நாள் நா எழவில்லை. அப்பாவைத் தாய் என்பது பரவாயில்லை. கூச்சமாக இருந்தால் முழுசாக நானாய் என்றே சொல்லுங்கள். கூப்பிடாமல் மட்டும் பேச்சை ஆரம்பிக்காதீர்கள். கூப்பிட்டுவிட்டு, "உன்சா இமொங் கிபாத்தி?" உங்களுக்கு என்ன செய்கிறது? "ஆசா டாபித் ஆங் சகித்?" வலி எந்தப் பக்கம்? "கனுஸ்-ஆ நி நக்சுகோட்?" எப்போது ஆரம்பித்தது? இந்த மூன்று கேள்வியும் தூக்கத்திலும் வர வேண்டும். பதிலில் வலிக்கு வரும் சொற்களைப் பிரித்துக் கேட்கப் பழகுங்கள். ஹப்தோஸ் என்றால் எரிச்சல் கலந்த வலி, ஙுத்ஙுத் என்றால் உள்ளே விண் விண்ணென்று தெறிப்பது, லபாட் தலைவலிக்கு. பனுஹோத் என்று யாராவது முதுகைக் காட்டினால் பாடப்புத்தகத்தில் தேட வேண்டாம், உள்ளே காற்று புகுந்து பிடித்துக்கொண்டது என்கிறார். நம் பாட்டிகளின் வாயுப் பிடிப்புதான். ஏற்கெனவே நீவி விடுகிறவரிடம் போய் வந்திருப்பார், எண்ணெய் என்ன, என்ன பச்சிலை என்று கேட்டு வையுங்கள்.

எண்களில் நான் வீணாக்கிய நேரத்தைச் சொல்ல வேண்டும். உசா, டுஹா, துலோ என்று தொடங்கி நூறு வரை பிசாயா எண்களை மனப்பாடம் செய்தேன். வயது என்ன என்று கேட்டால் "சிசென்த்தா இ டோஸ்" என்று பதில் வருகிறது. அறுபத்திரண்டு, ஸ்பானிஷில்! முன்னூறு ஆண்டு ஸ்பெயின் ஆட்சி விட்டுப்போன மிச்சம். வயது, விலை, மணி எல்லாம் பெரும்பாலும் ஸ்பானிஷ் எண்தான், சின்ன எண்ணிக்கைக்கு மட்டும்தான் சொந்த எண்கள். பத்து வரை பிசாயாவில், அதற்கு மேல் ஸ்பானிஷில் படித்தால் போதும்.

குவான் என்று ஒரு சொல் இருக்கிறது. நம்ம ஊரில் "அந்த இது வந்து..." என்று இழுப்போமே, அதுதான். சொல் நினைவுக்கு வராதபோதும் வரும், வாய்விட்டுச் சொல்லக் கூச்சமான எதற்கும் வரும். "நக்-குவான் கோ, டாக்" என்றால் மலம் போனதாக இருக்கலாம், மாதவிலக்காக இருக்கலாம், வேறெதுவாகவும் இருக்கலாம். சிரித்துவிட்டு நகராதீர்கள், குரலைத் தாழ்த்தி ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

புத்தகம் என்று பார்த்தால் ஜான் வுல்ஃப் 1972இல் வெளியிட்ட செபுவானோ அகராதி இன்றைக்கும் சிறந்தது, குட்டன்பர்க் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் அதில் அ, இ, உ என்று மூன்றே உயிரெழுத்துகளில்தான் எல்லாச் சொல்லையும் எழுதியிருக்கிறார். தலைக்கு உலோ என்று தேடினால் வராது, உலு என்று தேட வேண்டும். முன்னொட்டு பின்னொட்டுகளைக் கழற்றிவிட்டு வேர்ச்சொல்லையும் தேட வேண்டும். செபுவானோ விக்கிப்பீடியாவில் அறுபது லட்சம் கட்டுரைகள் இருக்கின்றன, ஆங்கிலத்துக்கு அடுத்தபடி என்பார்கள். அதை நம்பிப் படிக்க உட்காராதீர்கள், பெரும்பாலானவை ஒரு கணினி நிரல் எழுதித் தள்ளியவை. அதற்குப் பதில் தெருமுனைச் சரி-சரி கடையில் (பெட்டிக்கடைக்கு அங்கே அதுதான் பெயர், எனக்கு அந்தப் பெயரே பிடித்துப்போனது) ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கிக்கொண்டு அரை மணி நேரம் நின்றால் காது நன்றாகத் திறக்கும்.

இத்தனையும் செய்த பிறகும் புரியாத நோயாளிகள் வருவார்கள். மலைப்பக்கத்திலிருந்து வரும் மனோபோ, மண்டாயா மக்களுக்குப் பிசாயாவே இரண்டாவது மொழிதான். அப்போது கட்டிலைப் பார்க்காதீர்கள், கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருக்கும் பந்தாயைப் பாருங்கள். நோயாளிக்குத் துணையாக வந்திருப்பவருக்கு அங்கே அந்தப் பெயர். அவரிடம் முதலில் ஊர் எது என்று கேளுங்கள், அப்புறம் வீட்டில் என்ன பேசுவீர்கள் என்று. அந்த இரண்டு பதிலையும் கேஸ் ஷீட்டின் தலைப்பில், வயதுக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். அடுத்த டியூட்டிக்கு வருகிறவருக்கும் உதவும்.